அவசரப் பணி

ஆளில்லாத ஆட்டோவை நான் நம்பினதே கிடையாது. என் மனைவி பவளத்துக்கு நெஞ்சு வலி வந்தபோது வேறு வண்டி இல்லை, ஏறிவிட்டோம். ஆஸ்பத்திரி வாசலில் கதவு திறக்கவில்லை.

"நிறுத்த இடமில்லை. இடம் கிடைத்ததும் கதவு திறக்கும்" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரியைச் சுற்ற ஆரம்பித்தது.

வாசலை அடைத்து நின்றதெல்லாம் மாநகராட்சிக்காரர்களின் கார்கள். எல்லாவற்றிலும் 'அவசரப் பணி' பாஸ். மறுபடி வாசலுக்கு வந்தபோது, ஒருத்தன் காருக்குள் உட்கார்ந்து பிரியாணி தின்றுகொண்டிருந்தான். ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

"யோவ், வண்டிய எடுய்யா! என் பொண்டாட்டிக்கு மூச்சு முட்டுது!"

"பெருசு, பாஸ் ஒட்டியிருக்கு, தெரியல? அவசர வேலையா வந்திருக்கேன்."

"பிரியாணி திங்கிறதா அவசரம்?"

"ஆறிடும்ல?" என்று சிரித்தான்.

ஆட்டோ அடுத்த சுற்றுக்குக் கிளம்பியது.

"அந்தாளோட மல்லுக்கு நிக்காதய்யா. தண்ணி குடு" என்றாள் பவளம். பாட்டிலைத் திறப்பதற்குள் அவள் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது.

ஆட்டோவுக்கு அது எப்படியோ தெரிந்தது. "இந்த வண்டி அமரர் ஊர்தியாக மாற்றப்பட்டது. அமரர் ஊர்திக்குத் தனி அனுமதி உண்டு" என்றது.

நேராக வாசலுக்குப் போனது. பிரியாணிக்காரனை உள்ளே வைத்துக்கொண்டே அவன் கார் தானாகப் பின்னால் நகர்ந்து இடம் விட்டது.

கதவு திறந்தது.