நீளம் போதாத குழாய்

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஒரு பழைய ஜீப் இருந்தது. அதன் முன்சக்கரத்துக்கு பிரேக் ஆயில் கொண்டுபோகும் ரப்பர் குழாய், அதோடு கூடவே உழைத்துக் கறுத்துப்போன கூட்டாளி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளி இன்னாசி வீட்டு வாசலிலேயே ஜாக்கி வைத்து ஜீப்பைத் தூக்கினார். பழைய ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, உயரமான புது ஸ்பிரிங்குகளை மாட்டினார். ஜீப் ஒரு சாண் உயர்ந்து நின்றது. தெருவில் போன கார்களையெல்லாம் குனிந்து பார்த்தது.

கீழே குழாய் இழுபட்டு விறைத்து நின்றது.

“அண்ணே, எனக்கு நீளம் பத்தலை. முதலாளி கண்ணுல படுற மாதிரி ரெண்டு சொட்டு ஆயில் கசிய விடட்டுமா?”

“நான் நிமிர்ந்து நிக்கிறது உனக்குப் பொறுக்கலையா? ஊரு பார்க்கிற நேரத்துல மானத்தை வாங்காதே. பேசாம இழுத்துப் பிடிச்சுக்கோ.”

அண்ணனின் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வராமல் குழாய் அடங்கிப்போனது.

மறுநாள் மலைப்பாதையில் இறங்கும்போது சக்கரம் ஒரு பள்ளத்தில் விழுந்தது. குழாய் அறுந்தது. பிரேக் பிடிக்காமல் ஜீப் பாறையில் மோதி நின்றது. இன்னாசிக்குக் கால் முறிந்தது.

பிறகு ஜீப்பைச் சரிசெய்து, நீளமான புதுக் குழாயை மாட்டினார்கள். பழையதை வாசலோரக் குப்பையில் எறிந்தார்கள். ஜீப் பேசியது அதற்கு அங்கிருந்தே நன்றாகக் கேட்டது.

“உனக்கு முன்னாடி இருந்தவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்த மலைக்குப் போயிருப்பேனா? கடைசி வரைக்கும் வாயே திறக்கலை, பாவி.”

“இப்படியும் இருப்பாங்களா அண்ணே!” என்றது புதுக் குழாய்.