மேஸ்திரியின் முட்டி

“முழுசாச் சொல்லுங்க. டாக்டர்கிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது?” என்று மனைவி இடித்தாள்.

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். அவர் ஆரம்பிப்பதற்குள் அவளே சொன்னாள்.

வீடு வீடாக டைல்ஸ் பதிக்கிற வேலை. காலையில் மண்டி போட்டால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். முட்டி என்ன இரும்பா? வலி வந்தது. மருந்துக்கடையில் தானாகவே வலி மாத்திரை வாங்கி, வெறும் வயிற்றில் கடலை மாதிரி போட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் வேலைக்குப் போன வீட்டிலேயே ரத்தமாக வாந்தி எடுத்துச் சுருண்டு விழுந்தார். பார்த்தால் அல்சர். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அவள் அழுத அழுகை கொஞ்சமில்லை.

“இப்ப யாரோ சொன்னாங்கன்னு இதை வாங்கிட்டு வந்திருக்கார்.” கைப்பையிலிருந்து குளுக்கோசமைன் என்ற மூட்டு மாத்திரை டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள். “மூடியைத் திறக்கறதுக்குள்ள பிடுங்கிட்டேன். அல்சர் வந்த வயித்துக்கு இது ஆகுமா, ஆகாதா?”

“அவர் வாயையே திறக்க மாட்டாரா?” என்று டாக்டர் சிரித்தார்.

மேஸ்திரி வாயைத் திறந்தார். ஆனால் பேசியது வயிற்றைப் பற்றி அல்ல, டேபிள் டென்னிஸைப் பற்றி. அவர்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு மேசை கிடக்கிறது. வருஷா வருஷம் போட்டி. பள்ளிக்கூடப் பிள்ளையிலிருந்து ஓய்வு பெற்ற ஜட்ஜ் வரை யார் வேண்டுமானாலும் ஆடலாம். மூன்று வருஷமாக மேஸ்திரி இறுதிப் போட்டி வரை வருகிறார். மூன்று வருஷமாகத் தோற்கிறார். அதுவும் ஒரே ஆளிடம்.

“கை நல்லாத்தான் இருக்கு டாக்டர். இந்த முட்டிதான் கழுத்தறுக்குது. நான் சட்டுனு நகர முடியாதுன்னு தெரிஞ்சுக்கிட்டு, எதிர்ல நிக்கிறவங்க வேணும்னே ஓரமாப் போடுறாங்க. முட்டி மட்டும் சரியா இருந்தா கோப்பை எப்பவோ என் பேர்ல இருந்திருக்கும்.”

“ஓரமாப் போடறதுக்குப் பேருதான் ஆட்டம்,” என்றாள் மனைவி.

யார் அந்த ஆள் என்று டாக்டர் கேட்பதற்குள் அவள் பேச்சை மறுபடியும் வயிற்றுக்குத் திருப்பிவிட்டாள்.

டாக்டர் பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டினார். புண் ஆறிவிட்டதா என்று உள்ளே குழாய் விட்டுப் பார்த்தார்களா, ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை போடுகிறாரா, சர்க்கரை உண்டா, இறால், நண்டு ஓட்டிலிருந்து செய்கிற மாத்திரை என்பதால் அவை சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளுமா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் அவளிடமிருந்தே வந்தது. வயிறு மட்டும்தான் அவருடையது, பொறுப்பு முழுக்க அவளுடையது.

“இது வலி மாத்திரை மாதிரி வயித்தைப் புண்ணாக்கற ரகம் இல்ல,” என்றார் டாக்டர். “ஆனா சிலருக்கு நெஞ்செரிச்சல், குமட்டல் வரும். உங்களுக்கு அல்சர் வந்த வயிறு, அதனால கவனமா இருக்கணும். சாப்பிட்ட பிறகுதான் போடணும். வயிறு வலிச்சாலோ, மலம் கறுப்பாப் போனாலோ உடனே நிறுத்திட்டு இங்க வந்துடுங்க. வலி மாத்திரை இருக்கற பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்கக் கூடாது.”

இந்த மாத்திரை சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது, தொடைக்கு வலு ஏற்றும் பயிற்சிதான் அதைவிட முக்கியம் என்றும் சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்கச் சொல்லிக்கொடுத்தார்.

“போட்டிக்கு இன்னும் சில மாசம் இருக்கு. அதுக்குள்ள இவர் துள்ளிக் குதிக்கணும் டாக்டர்,” என்றாள் அவள். டாக்டருக்கு மனசு நிறைந்துவிட்டது. இப்படி ஒரு மனைவி அமைவதற்குக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று மேஸ்திரியிடம் சொன்னார். மேஸ்திரி ஒரு மாதிரியாகச் சிரித்தார்.

அன்றிலிருந்து வீட்டில் ராணுவ ஆட்சி. தட்டு காலியானால்தான் மாத்திரை கையில் விழும். காலையில் அவள் சத்தமாக எண்ண எண்ண அவர் காலை நீட்டி மடக்க வேண்டும். நடுவில் முனகினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பமாகும். வேலைக்குக் கிளம்பும்போது முட்டிக்குக் கீழே போட்டுக்கொள்ள ஒரு மெத்தையைப் பைக்குள் திணித்து அனுப்பினாள். எல்லாவற்றையும்விடக் கொடுமை, கழிப்பறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, “என்ன நிறம்?” என்று கேட்பாள். பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும். மேஸ்திரியின் மானம் தினமும் ஒரு தடவை போய்த் திரும்பி வந்தது.

மாத்திரையா, பயிற்சியா, அவளுடைய அதட்டலா, எது வேலை செய்தது என்று யாருக்குத் தெரியும்? வயிறு ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. முட்டி வழிக்கு வந்தது. மாடிப்படியில் பாட்டு முனகிக்கொண்டே ஏறுகிற அளவுக்கு மேஸ்திரி தேறிவிட்டார். அவள் சந்தோஷம் தாங்காமல் டாக்டரைத் தேடிப் போய், இறுதிப் போட்டிக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று அழைத்துவிட்டு வந்தாள்.

அரையிறுதியில் ஜட்ஜை மேஸ்திரி ஊதித் தள்ளினார். இறுதிப் போட்டியன்று கீழ்த்தளத்தில் நிற்க இடமில்லை. டாக்டர் உள்ளே நுழைந்தபோது, மேசைக்கு இந்தப் பக்கம் மேஸ்திரி சின்னப் பிள்ளை போலத் துள்ளிக்கொண்டிருந்தார். அவர் மனைவிக்குப் பக்கத்தில் உட்காரலாம் என்று டாக்டர் கூட்டத்தில் தேடினார். முன்வரிசையில் அவளைக் காணோம். பின்னாலும் இல்லை.

மேசைக்கு அந்தப் பக்கம், முடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மட்டையும் கையுமாக நின்றிருந்தாள் அவள்.

“மூணு வருஷமா என்கிட்டத் தோத்துட்டு முட்டிமேல பழியைப் போட்டுட்டிருந்தாரே டாக்டர்,” என்றாள் முகமெல்லாம் சிரிப்பாக. “இன்னிக்கு என்ன சாக்கு சொல்றார்னு பார்க்கத்தான் இவ்வளவு பாடும்.”