நான்கு பெட்டி நாள்

நடைமேடையில் சக்கர நாற்காலிப் படம் வரைந்த இடத்தில்தான் ஜெசிந்தா தினமும் காத்திருந்தாள். நாற்காலியை ஏற்றும் பலகை இருக்கிற பெட்டி அங்கேதான் நிற்கும் என்றார்கள். புது ரயிலோ ஒருநாள் எட்டுப் பெட்டியோடு வந்தது, மறுநாள் நான்கோடு வந்தது. நான்கென்றால் அந்தப் பெட்டி தள்ளிப்போய் நிற்கும். அவள் தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு போவதற்குள் கதவு மூடிவிடும். வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே மூன்று நாள் தாமதம்.

அடுத்த வாரம் வியாழனன்றும் நான்குதான். அவள் நகரவில்லை. எதிரே திறந்த கதவில் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி நிறுத்தினாள். மூட வந்த கதவு முட்டித் திறந்தது.

கார்டு இறங்கி வந்தார். "எடுங்கம்மா, லேட்டாகுது!"

"பலகைய கொண்டாங்க சார்."

"அது அந்தக் கோடியில இருக்கும்மா."

"அப்ப இன்னைக்கு நீங்க ஓடுங்க."