நாற்பதாம் நாள் அழைப்பு

"முகத்தைக் காட்டியும் பாத்துட்டோம் தம்பி. ரொம்ப வீங்கிப் போயிருந்துச்சு, அதான் திறக்கல போலிருக்கு" என்றாள் அந்த அம்மாள்.

குபாத் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான். அவள் நீட்டிய போனின் உறையில் அவனுடைய கடைப் பெயர் ஒட்டியிருந்தது. திரை ஒளிர்ந்ததும், பனிமலைக்கு முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு படத்தில் நின்றவனை உடனே தெரிந்துவிட்டது.

"எல்தியார் போனாச்சே! அவனுக்கு என்ன?"

"நான் அவனைப் பெத்தவ. நாரின்லேருந்து வர்றேன்." அவள் குரல் நடுங்கியது. "வண்டி உருண்டுடுச்சுப்பா. அடக்கம் பண்ணி மூணு வாரமாச்சு."

தலைநகர் பிஷ்கெக்கின் அந்த அங்காடியில் இரண்டாம் மாடி முழுக்கப் போன் கடைகள், எப்போதும் இரைச்சல். குபாத்துக்கு எதுவும் காதில் விழவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தான், பக்கத்துக் கடையில் சூடாக டீ வாங்கி வந்து கையில் கொடுத்தான்.

எல்தியார் கல்லூரி மாணவன். மலையில் சுரங்கம் வந்தால் ஆறு நாசமாகும் என்று, நாலைந்து சிநேகிதர்களோடு ஊர் ஊராகப் போய் ஜனங்கள் சொல்வதைப் பதிவு செய்துகொண்டிருந்தான். முன்னே அவனிடம் இருந்தது வேறு கம்பெனி போன். அதில் பேசுவதெல்லாம் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போய்த்தான் எழுத்தாகித் திரும்பி வரும்.

"அதைத் தூக்கிப் போடுடா" என்று சொன்னவனே குபாத்தான். "இதுல மூளை போனுக்குள்ளயே இருக்கு. கேக்குறது, எழுதுறது, யாரு என்ன பேசினாங்கன்னு தொகுத்து வைக்கிறது எல்லாம் உள்ளயே நடந்துடும். ஒரு எழுத்து வெளியே போகாது."

இப்போது அதே போனைக் கையில் வைத்துக்கொண்டு அவன் விழித்தான்.

"கம்பெனிக்கு எழுதிப் பாத்தீங்களாம்மா?"

"எழுதினோம். எங்ககிட்ட ஒண்ணும் இல்ல, எல்லாம் போனுக்குள்ளதான் இருக்குன்னுட்டாங்க. பழைய போனா இருந்தா எடுத்துக் குடுத்திருப்பாங்களாமே?"

"ஆமாம்மா." அதைச் சொல்ல அவனுக்கே வெட்கமாக இருந்தது.

"நாற்பதாம் நாள் சாப்பாட்டுக்கு அவன் சிநேகிதங்களைக் கூப்பிடணும்ப்பா. ஒருத்தர் பேரும் எனக்குத் தெரியாது. எத்தனையோ தடவை கேட்டோம், வாயையே திறக்க மாட்டேன்னுட்டான்."

குபாத் தலையைக் குனிந்துகொண்டான். பூட்டு எண் அவனுக்குத் தெரியும்.

போன் வாங்கிய அன்று எல்தியார் இதே இடத்தில் நின்று கிண்டலடித்தான். "நான் சரியான மறதிக்காரன் அண்ணே. உங்க கடை போர்டுல இருக்கற நம்பரோட கடைசி ஆறு எண்ணையே போட்டுக்கறேன், மறந்தா அண்ணாந்து பாத்துக்கலாம். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"என் தலையே போனாலும் சொல்ல மாட்டேன், போடா" என்று இவன் சிரித்திருந்தான்.

செத்தவனுக்கு இனி என்ன ரகசியம்? அதுவும் பெற்ற தாயிடம்? மனசு இரண்டு பக்கமும் இழுத்தது. கடைசியில் அந்த ஆறு எண்களை அழுத்தினான். திறந்துகொண்டது.

"அவன் குரல் நிறைய இருக்கும். போடட்டுமாம்மா?"

"அப்புறம் கேட்டுக்கறேன். சார்ஜ் நிக்குமா தம்பி?"

துக்கத்தில் மனுஷர்களுக்கு என்னென்னவோ தோன்றும் என்று நினைத்துக்கொண்டான். "நிக்கும்மா. இதுல தேடித் திரியவே வேண்டாம். ஆள்கிட்ட கேக்குற மாதிரி வாய்விட்டுக் கேளுங்க, சொல்லும்."

அவள் போனை வாய்க்கருகே கொண்டுபோனாள். "எல்தியாரோட சிநேகிதங்க யார் யாரு? எங்கெங்க கூடுவாங்க?"

கண்மூடித் திறப்பதற்குள் திரை நிறைந்தது. பெயர்கள், வீட்டு முகவரிகள், எந்தக் கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள், எந்தக் கிராமத்தில் யார் சோறு போட்டார்கள் எல்லாம். எல்தியாருக்கே மறந்து போயிருக்கக்கூடியதைக்கூட அது அழகாக வரிசைப்படுத்திக் கொடுத்தது.

அம்மாள் ஒவ்வொன்றாக நிதானமாகப் படித்தாள். "அந்தப் பூட்டை எடுத்துடுப்பா. நான் எண்ணை மறந்துடுவேன்."

எடுத்துக் கொடுத்தான். "சாப்பாட்டுக்கு நானும் வர்றேம்மா. ஆடு அறுக்க, அடுப்புப் பாக்க ஆள் வேணுமில்ல?"

"கட்டாயம் வா. உன் பேரும் இருக்கு இதுல." அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியவன், அவளுடைய கையுறைகள் மேசையிலேயே கிடப்பதைப் பார்த்தான். எடுத்துக்கொண்டு ஓடினான். மாடிப்படித் திருப்பத்தில் அவள் முதுகைக் காட்டி நின்று, தன் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். குரலில் இப்போது நடுக்கம் துளியும் இல்லை.

"திறந்துடுச்சு, பையனை இனிமே அடிக்க வேண்டாம்னு சொல்லு."