கவுன்சிலர் குடியிருக்கும் இடம்

வார்டில் எந்த இடம் அதிகம் அசுத்தமோ அங்கேதான் கவுன்சிலர் குடியிருக்க வேண்டும் என்பது புதிய உள்ளாட்சிச் சட்டம். வருடத்துக்கு ஒருமுறை அளந்து பார்த்து, வீட்டையே கிரேனில் தூக்கிவந்து இறக்கிவிடுவார்கள்.

கோகிலவாணி ஜெயித்ததும் வீடு குப்பைமேட்டில் இறங்கியது. அவளும் கணவனும் மூக்கைப் பொத்திக்கொண்டு, குப்பையைப் பிரித்துப் போடச் சொல்லித் தெருத்தெருவாக அலைந்து, ஒரே வருடத்தில் மேட்டைத் தரையாக்கினார்கள்.

அடுத்த முறை வீடு இறங்கியது ஓடைக்கரையில், அவள் அண்ணன் சென்னியப்பனின் சாயப்பட்டறைக்குப் பின்னால். பட்டறைக் குழாயிலிருந்து ஊதாத் தண்ணீர் ஓடையில் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டுகூட வெளியே விடுவதில்லை என்று அவளிடம் சத்தியம் செய்திருந்தவன் அவன்.

சென்னியப்பன் மைசூர்பாகுடன் ஓடிவந்தான். "பக்கத்துலயே வந்துட்டயா அம்மணி! வா, சாப்பிடலாம்."

கோகிலவாணி மைசூர்பாகைத் தொடவில்லை. "இந்தத் தண்ணி நிக்கற வரைக்கும் உன் வீட்டுல கை நனைக்க மாட்டேன் அண்ணா."

மூன்று மாதம் அவன் முகங்கொடுத்துப் பேசவில்லை. நான்காம் மாதம் சுத்திகரிப்பு இயந்திரம் வந்தது, குழாய் அடைக்கப்பட்டது. அன்றே தங்கையைக் கூப்பிட்டு இலை போட்டான்.

"அடுத்து எப்ப அளக்க வருவாங்க?" என்று கேட்டான்.

"பொங்கல் கழிச்சு."

சோற்றை அள்ளி வைத்தபடி அவன் முணுமுணுத்தான். "அவங்கள இன்னும் கொஞ்ச நாள் தள்ளி வரச் சொல்லக் கூடாதா அம்மணி?"