நீலிக்குப் படகில் கிடைத்த இடம்

பக்கத்தில் வந்து உட்காருங்கள் மக்களே, அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். கள்ளியங்காட்டு நீலி என்கிற யட்சி பாறசாலையில் ஒரு பழைய மிஷன் சபைக்காரர் வீட்டுக்குள் வந்த கதையைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்கிக்கொள்ள வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். லிஷா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவளும் ஸ்ரீகுமாரியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இருவரும் ஒரே அக்ஷயா இ-சேவை மையத்தில் வேலை செய்கிறவர்கள். ஊர்க்காரர்களின் விண்ணப்பங்களைத் தட்டி முடித்த மிச்ச நேரத்தில், சேர்ந்து ஒரு மாயாஜால நாவல் எழுதுகிறார்கள்.

நாவலில் விழிஞ்ஞத்துக் கடல் ஒருநாள் காணாமல் போய்விடும். அதைத் தேடி நெய்யாற்றில் ஒரு படகு கிளம்பும்.

படகில் ஏழு பேருக்குத்தான் இடம். ஏற வந்து நின்றவர்களோ பத்தொன்பது பேர்.

நெய்யாற்றின்கரையில் பிலாமரப் பொந்துக்குள் ஒளிந்தார் என்று சொல்லப்படுகிற மார்த்தாண்டவர்ம மகாராஜா, ஆற்றிங்கல் உமையம்மை ராணி, சுடலைமாடன், பீமன், நம்முடைய நீலி, இன்னும் சிலர். இவர்கள் ஸ்ரீகுமாரியின் ஆட்கள்.

சிம்சோன், தெபொராள், யோனா, கோலியாத். வேதாகமத்திலிருந்து வந்த இவர்களும் இன்னும் சிலரும் லிஷாவின் ஆட்கள்.

"யோனாவ ஏத்தாதட்டி. அவன் ஏறுன கப்பலுக்குப் புயல்ல என்ன கெதி வந்துன்னு நீதானே எனக்குச் சொல்லித் தந்த?" என்றாள் ஸ்ரீகுமாரி.

"ஒனக்க மாடன் மட்டும் கொள்ளாமோ? சுருட்ட அணைக்கமாட்டான். பக்கத்தில சிம்சோன் முடிய விரிச்சுப் போட்டுட்டு இருப்பான். தீப்பிடிச்சா யாரு அணைக்க? கடலும் இல்ல பாத்துக்க."

பீமன் ஒருவனுக்கே மூன்று பேர் இடம் வேண்டும். ராணியும், இஸ்ரவேலை நியாயம் விசாரித்த தெபொராளும் ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தி உட்காரமாட்டார்கள். கோலியாத் ஏறினால் படகே வேண்டாம், அவனையே மிதக்கவிட்டு மற்றவர்கள் அவன்மேல் ஏறிப் போகலாம்.

முடிவாகச் சீட்டுப் போடுவது என்றானது.

ஒரு சீட்டுக்கு ஒரு பெயர். கீழே, கதையில் அவருக்கு என்ன நடக்கும் என்பது. அவரவர் ஆட்களை அவரவர் எழுதி மடித்தார்கள்.

குலுக்க ஒரு டப்பா வேண்டுமே. லிஷா அலமாரியிலிருந்து நீலத் தகரப்பெட்டியை எடுத்தாள். உள்ளே இருந்த அட்டைகளை இழுப்பறையில் கொட்டிவிட்டு, பத்தொன்பது பேரையும் அதற்குள் போட்டாள்.

அது அவள் அம்மாவின் வாக்குத்தத்தப் பெட்டி.

ஒவ்வொரு அட்டையிலும் ஒரு வேத வசனம் இருக்கும். ஜெபித்துவிட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுத்தால் அது ஆண்டவர் தருகிற வாக்கு. பிடிக்கவில்லை என்று திரும்பப் போட்டு இன்னொன்று எடுப்பது அந்த வீட்டில் கிடையாது.

லிஷா மூடியை மூடும் முன்பே அம்மா ரத்னபாய் அறையைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள்.

ரத்னபாய்க்குப் பித்தப்பையில் கல். இரண்டு தடவை ஆஸ்பத்திரி வாசல்வரை போய், கத்திக்குப் பயந்து திரும்பி வந்தவள். இனியும் தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லியாயிற்று. மறுநாள் காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்.

லிஷா கெஞ்சிப் பார்த்தாள். சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். நல்ல வாக்கு கிடைத்தால் போகிறேன், இல்லாவிட்டால் இல்லை என்பதுதான் அம்மாவின் பதில். அதற்காகத்தான் அரை மணி நேரம் முழங்காலில் நின்றுவிட்டு வருகிறாள்.

வந்தவள் கண்ணை மூடினாள். பெட்டிக்குள் கையை விட்டாள்.

லிஷா பெட்டியை இழுக்கக் கை நீட்டினாள். அதற்குள் சீட்டு வெளியே வந்துவிட்டது.

ரத்னபாய் சீட்டைப் பிரித்தாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

"அம்மா, அது எங்களுக்க நாவல்ல உள்ளதாக்கும். இஞ்ச தாங்க."

"சும்மா இருட்டி. எடுத்தது எடுத்ததாக்கும்."

பிறகு, சபைக் கோயிலில் வேதபாடம் வாசிக்கிற அதே குரலில், நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

"கள்ளியங்காட்டு நீலி. இவள் வயிற்றிலே கத்தி இறங்கும். ஆனாலும் இவள் சாவதில்லை. மூன்றாம் நாள் எழும்பி, ஒரு பானைக் கஞ்சியைக் குடித்து, படகின் முன்னால் போய் உட்காருவாள். துடுப்புப் போடச் சொன்னால் மட்டும் மாட்டேன் என்பாள்."

லிஷா மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். நிமிர்ந்தபோது முகமெல்லாம் கண்ணீர். ஸ்ரீகுமாரியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்து, "ஒனக்க நீலி கொள்ளாம் கேட்டியா," என்றாள்.

ஸ்ரீகுமாரி சிரிக்கவில்லை. ரத்னபாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரத்னபாய் கண்ணாடிக்கு மேலாக அவளை ஒரு பார்வை பார்த்தாள். சீட்டை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வாக்கு கிட்டியாச்சு. காலத்த ஆறு மணிக்கு ஓட்டோக்காரன வரச் சொல்லு மக்கா."

ஆபரேஷன் நடந்தது. பதினோரு கல். குப்பியில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் கிலுகிலுப்பை மாதிரி ஆட்டிக் காட்டுகிறாள்.

நீலி இப்போது படகின் முன்னால்தான் இருக்கிறாள். மற்ற ஆறு பேர் யார் என்று சண்டை இன்னும் முடியவில்லை.

ஒன்றை மட்டும் உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். நீலியின் சீட்டை எழுதியவள் ஸ்ரீகுமாரி. அவள் எழுதியது என்ன என்பதை, ரத்னபாய்க்குத் தையல் பிரித்த அன்றுதான் லிஷாவிடம் சொன்னாள்.

'முதல் அத்தியாயம். வயிற்றில் கத்திக்குத்து. அத்தோடு சாவாள்.'

அவ்வளவுதான் எழுதியிருந்தது.

போய் வாருங்கள் மக்களே. உங்கள் வீட்டில் யார் கைக்கு எந்தச் சீட்டு வந்தாலும், அதை இப்படி வாசித்துக் காட்ட ஒருத்தி நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்.