முதலில் ஊதியவள்

"ஊதுங்க, ஊதுங்கன்னு சொல்றீங்களே, ஊதின மூச்சை எங்க கொண்டுபோய் விப்பீங்க?"

மாமரத்தடியில் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். கேட்டவர் கம்வெண்டோ. ஒரு காலத்தில் மலாவி ஏரியில் பெரிய வலை போட்டவர். இப்போது படகேறுவதில்லை. ஊர்க்கூட்டம் என்றால் மட்டும் முதல் ஆளாக வந்துவிடுவார்.

டாக்டர் எஸ்நாத் அசரவில்லை. இந்த மாதிரி ஆளை அவள் கரையோரம் எல்லா ஊரிலும் பார்த்திருக்கிறாள்.

"மூச்சுக்கு விலை கிடைக்கும்னா நானே தினம் ஊதி வித்திருப்பேனே ஐயா," என்றாள். "இந்தக் கருவி எதையும் பிடிச்சு வச்சுக்காது. உங்க நெஞ்சு எவ்வளவு காத்து கொள்ளுது, அது எவ்வளவு வேகமா வெளியே வருதுன்னு அளக்கும். விறகுப் புகையும் மீன் வாட்டுற புகையும் நெஞ்சை என்ன பண்ணுதுன்னு ஊர் ஊரா ஆராய்ச்சி பண்றோம்."

"வாட்டாத மீனை யாரு வாங்குவா? புகை வேணாம்னா பொழப்பு வேணாம்னு அர்த்தம்."

"வாட்ட வேணாம்னு நான் சொன்னேனா? அதைத் தின்னு வளர்ந்தவதான் நானும். வாட்டுறவங்க இருமாம இருக்கணும்னுதான் சொல்றேன்."

பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு வந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஊர்த்தலைவி கையை உயர்த்தினாள். "கம்வெண்டோ, அவங்களைப் பேச விடுப்பா."

"பேசட்டும் தலைவியம்மா. நான் என்ன அவங்க வாயையா பொத்தினேன்? இந்த ஊர்ல இருமாத பொம்பளை யாரு? இதெல்லாம் ஒரு வியாதியா?" அவர் பெண்கள் பக்கம் திரும்பினார். "யாரும் போகாதீங்க. முக்கியமா, என் வீட்டுலேர்ந்து யாரும் போகக் கூடாது. சொல்லிட்டேன்."

எஸ்நாத்துக்கு உள்ளுக்குள் எரிச்சல் மூண்டது. ஒருத்தர் தயங்கினால் ஊரே தயங்கும். இந்த ஊர்க் கணக்கு இல்லாமல் அவளுடைய ஆராய்ச்சி ஓட்டையாகவே நிற்கும். ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் கருவிக்குப் புதுக் குழாய் ஒன்றைப் பொருத்தினாள். "முதல்ல யாரு?"

கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள். கம்வெண்டோவின் மருமகள் அலினாஃபே. மாமனாரை நிமிர்ந்து பார்த்துப் பேசுவது அங்கே வழக்கமில்லை. அவள் நேராக அவர் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, கொஞ்சம் தள்ளுங்க. அடுப்புல மீன் கிடக்கு, சீக்கிரம் போகணும்."

"நான் இப்பத்தானே போகக் கூடாதுன்னு சொன்னேன்?"

"கேட்டுச்சு. அதனாலதான் எழுந்தேன்."

யாரோ கைதட்டினார்கள். அலினாஃபே ஸ்டூலில் உட்கார்ந்து குழாயை வாங்கிக்கொண்டாள்.

"நெஞ்சு நிறைய இழுங்க," என்றாள் எஸ்நாத். "இப்ப ஊதுங்க. விடாதீங்க. இன்னும், இன்னும்."

முதல் தடவை பாதியில் இருமல் வந்து முட்டியது. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாவதில் அவள் கண்ணில் நீர் வரும்வரை ஊதி முடித்துவிட்டு மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள். எஸ்நாத் அவளைத் தனியே அழைத்துப்போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ விளக்கினாள். அலினாஃபே தலையாட்டினாள்.

அதன்பிறகு கேட்கவே வேண்டாம். பெண்கள் வரிசை கட்டினார்கள். பெண்களே ஊதிவிட்டார்கள் என்று ஆண்களும் வந்தார்கள். கம்வெண்டோ மட்டும் வரிசையில் சேராமல், ஓரமாக நின்று ஒவ்வொருத்தரையும் வம்புக்கிழுத்தார்.

"ஏய் சிம்வாலா, நீ எதுக்கு நிக்கிறே? உன் சாராய நாத்தத்துக்குக் கருவி கெட்டுப்போயிடும்."

சிம்வாலா வீம்புக்கு இரண்டு தடவை ஊதினான்.

வெயில் ஏறியபோது கூட்டம் கலைந்திருந்தது. எஸ்நாத் மேசையை மடிக்கப் போனாள். எதிரே கம்வெண்டோ வந்து நின்றார்.

"இன்னும் என்ன ஐயா? எல்லாரும் ஊதியாச்சு. நீங்க கத்தினது ஒருத்தர் காதுலயும் ஏறலை."

"நான் இன்னும் ஊதலையே," என்று சொல்லி அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

ஊதினார். எஸ்நாத் திரையைப் பார்த்தாள். மறுபடி ஊதச் சொன்னாள். அவள் குரலில் இருந்த கேலி போய்விட்டது.

"ஐயா, உங்க வயசுக்கு இருக்க வேண்டிய மூச்சுல பாதிகூட இல்லை. உடனே ஆஸ்பத்திரிக்கு வரணும்."

"தெரியும். போன மாசம் டவுன் ஆஸ்பத்திரியிலயும் இதையேதான் சொன்னாங்க." சட்டைப் பையிலிருந்து மூச்சில் இழுக்கும் மருந்தை எடுத்துக் காட்டினார். "தினமும் இழுக்கிறேன்."

எஸ்நாத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "தெரிஞ்சுக்கிட்டேவா காலையிலேர்ந்து ஊரைத் தடுத்தீங்க? உங்க பேச்சைக் கேட்டு அந்தப் பொண்ணு வராம போயிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

அவர் மருந்தைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். "அலினாஃபேக்கு எப்படி இருக்கு?"

"அதை அவங்ககிட்ட மட்டும்தான் சொல்வேன். சொல்லியாச்சு."

"முத்திப்போகலையே? அதை மட்டும் சொல்லுங்க."

அவர் முகத்தைப் பார்த்து எஸ்நாத் கொஞ்சம் இறங்கி வந்தாள். "நேரத்தோட வந்திருக்காங்க."

கம்வெண்டோ கண்ணை மூடி, இருக்கிற மூச்சையெல்லாம் மெல்ல வெளியே விட்டார்.

"ஆஸ்பத்திரிக்கு வாம்மா, வாம்மான்னு நானும் கூப்பிடாத நாளில்லை," என்றார். "இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து நான் சொன்னதுக்கு நேர் எதிராத்தான் செய்வா, டாக்டரம்மா. அதான் இன்னைக்கு ஊருக்கு முன்னாடி, போகாதேன்னு சொன்னேன்."